ஒரு பஸ்ஸுக்கு இரண்டு கிழங்கள்

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எங்கள் அரசாங்கம் ஒரு அட்டை கொடுக்கிறது. அதைக் காட்டினால் வெளியூர் பஸ்ஸில் பாதிக் கட்டணம். ஆனால் நாங்கள் வழக்கமாகப் போகும் கம்பெனியில் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு கிழங்களுக்குத்தான் அந்தச் சலுகை. மூன்றாவது கிழம் முழுக் காசையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் வர வேண்டும். எங்கள் வீட்டில் கிழங்கள் மூன்று. நான், என் மனைவி கிரிசெல்டா, புருஷன் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்துவிட்ட அவள் தங்கை ஒத்திலியா.

அந்த மூன்றாவது கிழம் யார் என்று கேட்கவே வேண்டாம். மெக்ஸிகோ எவ்வளவு பெரிய நாடு என்பதை நான் தனியாக உட்கார்ந்தே தெரிந்துகொண்டவன். வேராக்ரூஸுக்குத் தனியாகப் போனேன். ஒஹாக்காவுக்குத் தனியாகப் போனேன். மெரிதாவுக்குப் போனபோது கோழிக்குஞ்சுப் பெட்டியோடு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, அவனும் தூங்கவில்லை, குஞ்சுகளும் தூங்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் நான் இறங்கும்போது அக்காவும் தங்கையும் ஊரையே பாதி பார்த்து முடித்திருப்பார்கள்.

இந்த ஜூலையில் மசத்லான் போவதாக ஏற்பாடு. கடல் பார்க்க வேண்டும் என்று கிரிசெல்டாவுக்கு ஆசை. குவாதலஹாராவில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போனோம். பள்ளி விடுமுறைக் கூட்டம். டிக்கெட் கொடுக்கும் பெண் கேட்காமலேயே முதல் பஸ்ஸுக்கு இரண்டும் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றும் கிழித்துக் கொடுத்தாள். அந்த ஒற்றைச் சீட்டைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ பொங்கியது.

“இந்த ஒரு தடவை நீ என்கூட வாயேன். ஒத்திலியா அடுத்ததுல வரட்டும்.”

“அவ தனியா வரமாட்டா கிழவா. பயப்படுவா” என்றாள் கிரிசெல்டா.

“எனக்குப் பயமில்லைன்னு யார் சொன்னா?”

“மச்சானுக்கு என்ன பயம்?” என்றாள் ஒத்திலியா. “இவரை எவனாச்சும் கடத்திட்டுப் போனாலும் அடுத்த ஊர்லயே கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டுருவான்.”

இருவரும் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் கத்தினேன். “போங்க, ரெண்டு பேருமே போங்க! நான் வீட்டுக்குப் போறேன். கல்யாணம் பண்ணிக்கிட்டது நீங்க ரெண்டு பேருந்தானே? நான் பெட்டி தூக்க வந்தவன்!”

கிரிசெல்டாவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொன்னபடி பஸ் நிலைய வாசல் வரைக்கும் நடந்தேன். எங்கள் தெருவுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது. ஏறவில்லை. வீட்டில் போய் யார் முகத்தைப் பார்ப்பது? திரும்பி வந்து அடுத்த பஸ்ஸில் என் ஒற்றைச் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடி, தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். வழியில் ஒரு இடத்தில் டிரைவர் ஹாரனை நீளமாக அடித்து, “யாரது, சாகவா பாக்குது!” என்று திட்டினான். நான் திரையை விலக்கக்கூட இல்லை.

மசத்லானில் ஒத்திலியா மட்டும் இரண்டு பேருடைய பைகளோடும் நின்றாள். என்னைப் பார்த்தவள் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா எங்க?” என்றாள்.

“என்னைக் கேக்குற? உன்கூடதானே வந்தா?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வழியில் இஸ்த்லான் என்ற ஊரைத் தாண்டி ஒரு ரோட்டுக் கடையில் சாப்பாட்டுக்கு அவர்கள் பஸ் நின்றிருக்கிறது. “இதே கம்பெனி பஸ்தானே, அவர் வர்றதும் இங்க நிக்கும், நான் அவர்கூட வந்துடறேன், நீ போ” என்று சொல்லிவிட்டு கிரிசெல்டா இறங்கிக்கொண்டாளாம். இறங்குவதற்கு முன்னால் தலையைக்கூட வாரிக்கொண்டாளாம்.

என் பஸ் எங்குமே நிற்காமல் வந்த பஸ். அந்த ஹாரன் சத்தம் ஞாபகம் வந்தது.

எங்கள் மூவருக்கும் இருந்த ஒரே போன் ஒத்திலியாவின் பையில். ரத்த அழுத்த மாத்திரையும் அதே பையில். போன வருஷம் வெயிலில் சந்தையில் நின்றபடியே மயங்கி விழுந்தவள் கிரிசெல்டா. அந்தக் கடைக்குப் போன் போடச் சொல்லி கவுண்டரில் இருந்த பையனிடம் கெஞ்சினேன்.

“அது யாரோ நடத்துற கடை தாத்தா, எங்ககிட்ட நம்பர் கிடையாது. அடுத்த பஸ்ல வந்துருவாங்க.”

அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. இறங்கியவர்கள் முகத்தையெல்லாம் பார்த்து முடித்ததும், திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் கேட்டேன். கிழங்கள் இருவர் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். முழுக் காசையும் எடுத்து வைத்தேன்.

“நீங்க போற நேரத்துல அவ இங்க வந்துட்டா?” ஒத்திலியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“வந்தா நீ இருக்க. வராட்டி அங்க யார் இருக்கா?”

அந்தக் கடையில் இறக்கிவிட டிரைவர் ஒப்புக்கொண்டான், என் முகம் அப்படி இருந்திருக்கும். இந்த முறை திரையை மூடவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் அவள் முகத்தைத் தேடினேன். எல்லாம் நொடியில் பறந்து போயின. ரோட்டோரம் எங்கேயாவது கூட்டம் தெரிந்தால் அவள்தான் விழுந்து கிடக்கிறாளோ என்று எழுந்து நின்று பார்த்தேன். இவ்வளவு பெரிய நாட்டை எதற்குச் சுற்ற ஆசைப்பட்டேன்? வீட்டு முற்றத்தில் அவளோடு பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதுமே என்று வாய்விட்டு அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

கடையில் ஒரு அம்மாள் ஆட்டுக்கறிக் குழம்புப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பித்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அந்தப் புருஷன் நீங்கதானா? மகராசி, ஒரு பஸ்ஸை மறிக்கிறேன்னு நடு ரோட்டுக்கே ஓடிருச்சு. நான்தான் இழுத்துட்டு வந்தேன். அப்புறம் வந்த எல்லா பஸ்ஸுக்கும் கை நீட்டிச்சு.”

“இப்ப எங்கம்மா?”

“‘அவர் வரலை. வீட்டுக்குப் போறேன்னு சொன்னார், போயிட்டார்’னு சொல்லிச்சு. என் போனை வாங்கித் திரும்பத் திரும்ப அடிச்சுச்சு. யாரும் எடுக்கல. ‘கோவம், எடுக்க மாட்டார்’னு சொல்லிட்டு குவாதலஹாரா போற சரக்கு வண்டியில ஏறிப் போயிருச்சு. தெரிஞ்ச பையன் வண்டிதான், பயப்படாதீங்க.”

போனைக் காட்டினாள். எங்கள் வீட்டு நம்பர். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர். பூட்டிய வீட்டில் அது அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. நான் அவளைத் தேடி இங்கே வர, அவள் என்னைத் தேடி வீட்டுக்கே போயிருக்கிறாள். வீட்டுச் சாவி என் சட்டைப்பையில்.

அந்தப் போனிலேயே எதிர்வீட்டு ரெமெதியோஸைக் கூப்பிட்டேன். எடுத்ததுமே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைத் திட்டினாள்.

“நீயெல்லாம் மனுஷனா எவெலியோ? உள்ள உக்காந்துக்கிட்டு எனக்குப் போன் பண்றியா? பாவம், சாயங்காலத்துலேர்ந்து உன் வாசப்படியில உக்காந்திருக்கா. என் வீட்டுக்கு வான்னாலும் வரமாட்டேங்குறா. கதவைத் திறய்யா!”

“நான் உள்ள இல்ல ரெமெதியோஸ். இஸ்த்லான் பக்கத்துல ரோட்டுல நிக்கிறேன். அவளைத் தேடி வந்தேன்.”

போனோடு தெருவைக் கடந்து ரெமெதியோஸ் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம். பிறகு கிரிசெல்டாவின் குரல், என்னிடம் அல்ல, எங்கள் வீட்டுக் கதவிடம்.

“கிழவா, கேக்குதா? நான் போகல. நீ இல்லாம எனக்குக் கடலும் வேண்டாம், கத்திரிக்காயும் வேண்டாம். திட்டணும்னா வெளியில வந்து திட்டு. நான் தனியாவே வர்றேன், இனிமே நீ ஒத்திலியாவோட போ. கதவை மட்டும் திற.”

“கேக்குதுடி!” என்று ரோட்டோரத்தில் நின்று என்னால் முடிந்த மட்டும் கத்தினேன். “கேக்குது, இதோ வரேன்!”