பிசிறு வெட்டிய கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தொண்டை பழைய மாதிரி இல்லை, உரக்கச் சொல்ல வராது. ஒரு நெல் நாற்றுக்கும் ஒரு கத்தரிக்கோலுக்கும் நடந்த கதை சொல்கிறேன். முடிகிற வரை யாரும் எழுந்து போகக் கூடாது, சரியா.

ஓர் ஆராய்ச்சிப் பண்ணை. அதில் கண்ணாடிக் கூரை போட்ட நாற்று வீடு. கதவைத் திறந்தாலே முகத்தில் ஆவி அடிக்கும். அங்கே ஆராய்ச்சி செய்தவளும் அவளுக்கு உதவிக்கு இருந்தவளும் ஒரே வீட்டுக்காரர்கள், அண்ணியும் நாத்தனாரும். நாத்தனார் அதற்கு முன் தையல் கடையில் இருந்தவள். யார் சட்டையிலாவது ஒரு நூல் தொங்கினால் அவளுக்குச் சோறு இறங்காது. தெருவில் வருகிறவரை நிறுத்திக்கூட வெட்டிவிடுவாள். அதனால் அவளுக்குப் 'பிசிறு' என்றே பேர் விழுந்துவிட்டது. கடையை மூடியதும் அண்ணிதான் பண்ணைத் தலைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டாள்.

அண்ணி வளர்த்தது உப்பைத் தாங்கும் நெல். நல்ல தண்ணீரில் இருக்கும்வரை அதற்குள் ஒரு மரபணு தூங்கிக்கொண்டே இருக்கும். வேரில் உப்பு பட்டால் விழித்துக்கொண்டு பயிரைக் காக்கும். எப்படிக் காக்கிறது? வேரிலேயே உப்பை வழிமறிக்கிறது என்றுதான் அண்ணி நம்பியிருந்தாள். கைவசமிருந்த விதை முழுவதையும் முளைக்கவிட்டு, நாற்றை ஒரே உப்புநீர்த் தொட்டியில் நட்டிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தொட்டியில், அதே உப்புநீரில், சாதா நெல். மிச்சம் ஒரு மணி இல்லை. அது பட்டுப்போனால் அந்த நெல்லே இல்லை.

அண்ணி வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், தலைவர் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. பிசிறு தொட்டியைப் பார்த்தாள். குருத்தெல்லாம் பச்சை. அடியிலைகள் மட்டும் நுனி கருகித் தொங்கின. அண்ணிக்கு இதனால் கெட்ட பேர் வந்துவிடக் கூடாதே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தையல் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒன்று விடாமல், தண்டோடு ஒட்ட, சுத்தமாக வெட்டிவிட்டாள்.

தலைவர் வந்த அன்று காலைதான் அண்ணியும் திரும்பினாள். தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. பச்சையாக விட்டுப்போன குருத்துகள் ஊசிபோல் சுருண்டு, நுனி வெளுத்துக் கிடந்தன.

"அடியிலையெல்லாம் எங்கே?" என்றாள் அண்ணி.

பிசிறு வாய் திறக்குமுன் தலைவரே பதில் சொல்லிவிட்டார். "காய்ஞ்சு விழுந்திருக்கும்மா. பக்கத்துத் தொட்டியில சாதா நெல்லும் இப்படித்தான் சாகுது. உங்க மரபணு நல்லாத் தூங்குது. நாமதான் தூக்கம் கெட்டுக் காவல் காக்கிறோம்."

பட்ட பயிரை அள்ளிப்போக வந்திருந்த வண்டிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "கவுத்துடலாமா சார்? வெளிய வேற தொட்டி காத்துட்டு நிக்குது."

தலைவர் தலையாட்டினார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிசிறு மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் வேலை போகும். வீட்டிலும் ஒரே அடுப்பு, ஒரே கூடம். அண்ணி முகத்தில் எப்படி முழிப்பது? சொல்லாவிட்டால் ஈ காக்கைக்கும் தெரியாது. பயிர் தானாகச் செத்தது என்று ஆகிவிடும். வண்டிக்காரர் தொட்டியின் விளிம்பில் கை வைத்துச் சரித்தார். உப்புத் தண்ணீர் தளும்பி அவள் காலில் கொட்டியது.

"அண்ணே, கீழ வைங்க," என்றாள். "தானா விழல. நான்தான் வெட்டினேன்."

அண்ணி திரும்பினாள். "எதுக்கு?"

"தொங்கிட்டு இருந்துச்சு அண்ணி. நீங்க தலைகுனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு..."

"இப்ப நல்லா நிமிர்ந்து நிக்கிறேன், பாத்துக்கோ." தொட்டிப் பக்கம் குனிந்து பார்த்து, "வெட்டினதை எங்கே போட்டே?"

தையல்காரி வெட்டுத்துணியை எறிய மாட்டாள் அல்லவா. தாள் பை ஒன்றில் கட்டி மேசைக்கடியில் வைத்திருந்தாள். அண்ணி அதைப் பறித்து, இலைகளை நல்ல தண்ணீர் விட்டு அரைத்து, உப்பளக்கும் கருவியை முக்கினாள். எண் ஏறியது. நிற்காமல் ஏறியது. பக்கத்துத் தொட்டிச் சாதா நெல்லின் அடியிலையையும் அதேபோல் அரைத்தாள். அதில் எண் பாதி வழியில் நின்றுவிட்டது.

"வேர்ல தடுக்கல சார்," என்றாள். "உள்ளே விட்டு, வயசான இலையில கொண்டுபோய்க் கொட்டுது. குருத்துக்குப் போகாம."

"அதைத்தான் நான் வெட்டிட்டேனா?" என்றாள் பிசிறு.

"ஆமா. இப்ப கொட்ட இடமில்லாம குருத்துல கொட்டுது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனி என்ன பண்ணப்போறீங்க?"

"உப்பை வடிச்சிட்டு நல்ல தண்ணி விடணும்."

"சோதனை செல்லாமப் போயிடும். இந்த வருஷம் உங்ககிட்ட காட்ட ஒண்ணுமிருக்காது."

"விதை இருந்தாப் போதும் சார்."

தொட்டியைக் கவிழ்க்க வந்த வண்டிக்காரரே அடைப்பைப் பிடுங்கி உப்பை வடித்தார். பிசிறு குழாயடிக்கும் தொட்டிக்குமாக நடையாய் நடந்தாள். இத்தனை செய்தும் பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. சில குருத்துகள் மட்டும் மெல்லச் சுருள் பிரித்தன.

"அந்தம்மா இனி உள்ளே வரணுமா?" என்று தலைவர் கேட்டதற்கு அண்ணி சொன்னாள்: "கத்தரிக்கோல் வெளிய இருக்கட்டும் சார். ஆள் உள்ளே வரட்டும்."

கத்தரிக்கோல் வாசல் ஆணியில் தொங்கியது. பிழைத்த பயிரின் விதையை மறு பருவம் மறுபடி உப்பில் விட்டார்கள். அடியிலைகள் கருகி, கந்தலாகத் தொங்கின. அதற்கு மேலே கதிர் பால் பிடித்து நின்றது. பிசிறு இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கை அரிக்குது அண்ணி."

"சொறிஞ்சுக்கோ. அந்தப் பக்கம் நீளக் கூடாது."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் உப்புக் கரிப்பையெல்லாம் தன்னிடம் வாங்கிக்கொண்டு வாடி நிற்கிற ஒருவர் இருப்பார். பார்க்க நன்றாயில்லை என்று அவரை யாரும் வெட்டிவிடாமல் இருக்கட்டும். உங்கள் குருத்துகள் சுருளாமல் வளரட்டும். உங்கள் வீட்டுக் குடத்தில் என்றும் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.