யவோராவில் ஒரு மெழுகுதிரி

டூட்டிங்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் மரியமலரும் மிலேவாவும் பல வருடங்களாக ஒன்றாக வேலை செய்தார்கள். மரியமலர் மன்னார்க்காரி. மிலேவாவின் ஊர் யவோரா. பொஸ்னியாவுக்கும் சேர்பியாவுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் கரையில், மலை இடுக்கில் கிடக்கும் சின்ன ஊர் அது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அதனால் பேச்சு குறைவு, தின்பண்டம் அதிகம். ஒருத்தி பருத்தித்துறை வடை கொண்டுவருவாள்; மற்றவள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுவருவாள்.

கோடை தொடங்கிய நேரம், ஒரு நாள் தேநீர் இடைவேளையில் மிலேவா தன் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினாள். யவோராவில் ஆன்மாக்களின் சனிக்கிழமை. வருடத்தில் சில தடவை வரும் அந்த நாளில் ஊரே சேமக்காலைக்குப் போய் மஞ்சள் மெழுகுதிரி ஏற்றும். செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதைக் குழிமேல் வைக்கும். மிலேவாவின் தங்கை ராடா, அந்த ஊரில் பாண்கடை வைத்திருப்பவள், தகப்பனின் குழியில் ஒரு கோப்பை கோப்பியை வைத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் நடந்தாள். அங்கே மூன்று மரச் சிலுவைகள் தனியே நின்றன. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே இரண்டு எழுத்துகள். அவற்றின் முன்னாலும் ராடா திரி ஏற்றினாள்.

யாரென்று மரியமலர் கேட்டாள். அந்த இரண்டு எழுத்துக்கும் பெயர் தெரியாதவர் என்று அர்த்தம் என்றாள் மிலேவா. ஆற்றைக் கடந்து மேற்கு ஐரோப்பாவுக்குப் போக வந்தவர்கள். யவோரா நகரசபைக்குள் ஊர் மட்டுமல்ல, மலையிலும் ஆற்றோரத்திலும் சிதறிக்கிடக்கும் கிராமங்களும் அடக்கம். எந்தக் கிராமத்தில் உடல் ஒதுங்கினாலும் நகரசபை அதை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்யும். முதலாவது சிலுவை மிகப் பழையது; இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கொஞ்சம் பிந்திய ஒரு குளிர் மாரியில் வைத்தது.

மரியமலர் அந்த வீடியோவைத் திரும்பப் போடச் சொன்னாள்.

அவளுடைய தம்பி அமலனும் அப்படியொரு மாரியில்தான் காணாமல் போனான். லண்டனில் இருந்த அக்காவிடம் வந்து சேரவென்று, ஏஜென்சிக்காரன் காட்டிய வழியில் நாடு நாடாக ஏறி இறங்கியவன். கடைசியாக ஒரு தடவை போன் எடுத்தான். "எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை அக்கா. ஒரு பாலம் கிடக்கு, பாண்கடை ஒண்டு கிடக்கு. ஆறு கடந்திட்டு எடுக்கிறன்" என்றான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மரியமலர் இதைச் சொன்னதும் மிலேவா அவசரப்பட்டு ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பாலமும் பாண்கடையும் இல்லாத ஊரே கிடையாது என்றாள். ஆனாலும் அன்று பின்னேரமே தங்கைக்குப் போன் பண்ணினாள்.

ராடா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஆற்றோரக் கிராமங்களுக்குப் போனாள். முதலாவது சிலுவைக்குரிய உடலைக் கரைக்கு இழுத்தவர் ஒரு மீன்பிடிக்காரர்; அவர் அப்போது மகளோடு வேறு ஊரில் இருந்தார். கோடை முடியத்தான் வருவார் என்றார்கள். அதனால் பதில் வர வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களில் மரியமலரிடம் ஒரு மாற்றம் வந்ததைப் புருஷன் சூசைதாசன் கவனித்தான். அவள் நன்றாக நித்திரை கொண்டாள். போன் அடித்தால் முன்னைப்போல் பதறி எழும்பவில்லை. யவோராவில் வெயிலா மழையா என்று போனில் பார்த்து அவனுக்கும் சொன்னாள்.

செப்டம்பரில் பதில் வந்தது. மீன்பிடிக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. கறுத்த மனிதர்தான், எந்த நாடென்று தெரியாது. ஆனால் தலையும் தாடியும் நரைத்திருந்தன. ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். அமலனுக்கு அப்போது இருபத்திரண்டு.

மரியமலர் மிலேவாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். மிச்ச ஷிப்ட் முழுவதும் உருளைக்கிழங்கு உரித்தாள். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"அது அவன் இல்லையாம்" என்றாள்.

"அப்ப நல்லதுதானே, மலர்" என்றான் சூசைதாசன்.

"ஓம், நல்லதுதான்." அவள் தரையைப் பார்த்தாள். "ஆனா நான் அவனை அங்க படுக்க வச்சிட்டன். திரியும் கொளுத்திப்போட்டன். இப்ப எழுப்பி எங்க கொண்டுபோய் விடுறது?"

சூசைதாசன் இன்னொரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தான். அன்று இருவரும் சமைக்கவில்லை.

அடுத்த சில நாள் சமையலறைக்கு வடையும் வரவில்லை, ரொட்டியும் வரவில்லை. நானாகப் போய் ஒரு ஆசையைக் கிளப்பிவிட்டேனோ என்று மிலேவா மனம் நொந்துகொண்டு திரிந்தாள். கடைசியில் மரியமலர்தான் வாயைத் திறந்தாள். அடுத்த ஆன்மாக்களின் சனிக்கிழமை எப்போது என்று கேட்டாள். நவம்பர் தொடக்கத்தில் என்றாள் மிலேவா. மன்னாரிலும் சகல ஆத்துமாக்களின் திருநாள் அந்த நேரம்தான். அப்படியானால் ராடா அந்தக் குழிக்குப் போகும்போது தன்னையும் போனில் கூப்பிடவேண்டும் என்று மரியமலர் கேட்டுக்கொண்டாள்.

சூசைதாசனுக்கு இது விளங்கவில்லை. அங்கே கிடப்பது அமலன் இல்லையே என்றான்.

"அந்த மனுசனுக்கும் ஆரும் இருப்பினந்தானே. அவையளுக்கு இடம் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றாள் மரியமலர்.

அந்தச் சனிக்கிழமை காலை மிலேவா கறுப்பு உடுப்போடு அவர்கள் வீட்டுக்கு வந்தாள். மேசையில் போனைச் சாய்த்து வைத்தார்கள். திரையில் ராடா, தலையில் துண்டு கட்டி, மூக்கு சிவந்து, குளிரில் நின்றாள். பின்னால் ஆறும் மலையும் மங்கலாகத் தெரிந்தன. அவள் சிலுவையடியில் காய்ந்த இலைகளைக் கையால் ஒதுக்கினாள். திரி ஏற்றினாள். இரண்டு தடவை காற்று அணைத்தது. மூன்றாம் தடவை நின்றது. பிறகு போனைக் குழிக்கு நேரே பிடித்தாள்.

மரியமலர் எழுந்து நின்று, செத்தவர்களுக்குச் சொல்லும் இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினாள். தம்பிக்காக அவள் ஒருநாளும் சொல்லாத செபம் அது. உயிரோடிருப்பவனுக்குச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில், பங்குக் கோவிலில் எல்லோரும் சொல்லும்போதுகூட வாயை மூடிக்கொண்டு நிற்பாள். இப்போது பெயர் தெரியாத அந்த மனிதருக்காக முதற்பாதியைச் சொன்னாள். மறுபாதியை எப்போதும் கூட இருப்பவர்கள்தான் சொல்லவேண்டும். சூசைதாசன் சொன்னான். மிலேவா தன் வழக்கப்படி மூன்று விரலைக் கூட்டிச் சிலுவை அடையாளம் போட்டாள்.

முடிந்தபின் ராடா ஏதோ கேட்டாள். மிலேவா மொழிபெயர்த்தாள். தகப்பனுக்கு அவள் கோப்பி வைக்கிறாள். இந்த மனிதருக்கு இத்தனை வருடமும் வெறும் பாண்தான் வைத்திருக்கிறாள். அவர் என்ன குடிப்பவர் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறாள்.

மரியமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் யாரென்று யாருக்குத் தெரியும். எந்த நாட்டவரோ, என்ன சமயமோ. ஆனால் குளிருக்குள் அவ்வளவு தூரம் நடந்து வந்த மனிதர்.

தேத்தண்ணி வைக்கச் சொன்னாள்.

ராடா தலையாட்டினாள். தன்னிடம் கோப்பி மட்டும்தான் இருக்கிறது, கடைக்குப் போய் ஊற்றிக்கொண்டு வருகிறேன், யாரும் போனை வைக்கவேண்டாம் என்றாள். மூன்று பேரும் மேசையைச் சுற்றிக் காத்திருந்தார்கள். திரையில் ராடாவின் சப்பாத்தும் ஈரக் கல்லும் ஆடி ஆடிப் போயின. பிறகு ஒரு கதவுமணி, பாண் அடுக்கிய தட்டு, ஆவி பறக்கும் கேத்தல். ராடா கோப்பையைக் காட்டி இன்னொரு கேள்வி கேட்டாள்.

"சீனி போடவோ எண்டு கேக்கிறா போல" என்றான் சூசைதாசன், மிலேவா வாய் திறக்கமுதலே.

"போடச் சொல்லுங்கோ" என்றாள் மரியமலர். "நல்லாப் போடச் சொல்லுங்கோ."