எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பிழை

ஹார்ட்லி மைதானத்தின் வரலாற்றை எழுத எல்வுட் ப்ரக்மனை விட்டால் பஃபலோவில் வேறு ஆள் கிடையாது என்று அணியின் அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். சரியான முடிவுதான். முப்பத்தைந்து வருடம் மாலைப் பத்திரிகையில் பேஸ்பால் எழுதியவர். அதோடு அந்த மைதானத்தின் ஸ்கோரரும் அவரே. அடித்தது அடியா, பிடிப்பவன் செய்த பிழையா என்று மேலே பத்திரிகைக்காரர்களின் கூண்டிலிருந்து தீர்ப்புச் சொல்கிற ஆள். அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

நாற்பது பக்கப் புத்தகம். கடைசி ஆட்டத்தன்று வாசலில் எல்லோருக்கும் ஒன்று கொடுப்பார்கள். அடுத்த வாரமே இடிப்பு இயந்திரங்கள் வந்துவிடும். ஊருக்கு நடுவில் புது மைதானம் பளபளவென்று தயாராக நிற்கிறது.

எல்வுட் மளமளவென்றுதான் எழுதினார். மரப் படிக்கட்டுகள் தீப்பிடித்து எரிந்த வருடம், எரிந்த வாசனையோடே மறுநாள் ஆடியது. வேலையில்லாத காலத்தில் வேலியில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு மூன்று பேர் முறைவைத்துப் பார்த்தது. முதல் முதலாக விளக்குப் போட்டபோது ஏரியிலிருந்து பூச்சிகள் கூட்டம் கூட்டமாக வந்து ஆட்டத்தையே நிறுத்தியது. ஏப்ரலில் பனி கொட்டி, ஜனங்கள் நடுவர் மேல் பனியுருண்டை எறிந்தது. எழுத எழுதச் சிரிப்பு வந்தது. 1949 ஆகஸ்ட் பதினாலாம் தேதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தத் தேதி பஃபலோவில் எல்லோருக்கும் மனப்பாடம். டெல்மர் ஹாகின்ஸ் ஒன்பது இன்னிங்ஸ் பந்து வீசி, எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காத நாள். அந்த மைதானத்தின் ஆயுளில் அப்படி நடந்தது ஒரே முறை. வாசலில் வெண்கலப் பலகை வைத்தார்கள். ஆனால் அந்தச் சாதனை நடக்கவே இல்லை. இந்த உண்மை தெரிந்தவர் ஒரே ஆள்தான், அவர் முப்பத்தொன்பது வருடமாக வாயைத் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட ஆட்டம் நடக்கும்போது அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. பேசினால் கெட்டுப்போகும். சக ஆட்டக்காரர்கள் டெல்மர் பக்கத்தில்கூட உட்காரவில்லை. பெஞ்சின் ஒரு கோடியில் அவன், மறு கோடியில் மற்ற எல்லோரும். பதினோராயிரம் பேர் வேர்க்கடலைகூடச் சத்தமில்லாமல் உடைத்தார்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையோடு தரையாக, மைதானத்தின் இடப்பக்க மூலையான மூன்றாம் பேஸ் பக்கம் பாய்ந்தது. அங்கே நின்றவன் காஸ் ஸ்விடர், இருபத்திரண்டு வயது, மைதானத்துக்கு ஒரு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்த போலிஷ் பையன். சரியாகக் குனிந்தான், கையுறையைச் சரியாக வைத்தான். பந்து அவன் முன்னால் ஒரு கல்லில் பட்டுத் தோளுக்கு மேல் துள்ளிப் போயிற்று.

கல்லில் பட்டுத் துள்ளினால் அது அடித்தவனின் அடி. பிடிப்பவன் மேல் குற்றமில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, எல்வுட்டுக்குச் சட்டம் தலைகீழ்ப்பாடம். தூரக்கண்ணாடி வழியாகக் கல் தெறித்ததையும் அவர் பார்த்தார். ஆனால் அடி என்று சொன்னால் டெல்மரின் சாதனை அங்கேயே முடிந்தது; பிடிப்பவனின் பிழை என்றால் சாதனை தப்பிக்கும். பதினோராயிரம் முகங்கள் ஸ்கோர் பலகையைப் பார்த்துத் திரும்பின. அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஊரே தன் விரலைப் பார்க்கிறது என்று நினைத்தார். பலகையில் பிழை விளக்கை எரியவைக்கும் பொத்தானை அழுத்தினார்.

மைதானம் ஆனந்தத்தில் அதிர்ந்தது! தங்கள் வீட்டுப் பையன் தப்புச் செய்துவிட்டான் என்று ஒரு ஊர் கூடி எழுந்து நின்று கைதட்டிய கொடுமை வேறெங்காவது நடந்திருக்குமா? காஸ் மூன்றாம் பேஸில் தலை குனிந்து நின்றான். தீர்ப்பை மாற்ற மறுநாள் வரை நேரமிருந்தது. எல்வுட் மாற்றவில்லை.

அதன்பிறகு டெல்மர் பெரிய லீக்குக்குப் போனான். காஸையும் எடுத்துக்கொள்ள அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் பையன் தரையோடு வருகிற ஒவ்வொரு பந்துக்கும் நடுங்க ஆரம்பித்தான். மிச்ச ஆட்டங்களில் பதினோரு பிழைகள். அடுத்த வசந்தத்தில் அணியை விட்டு அனுப்பிவிட்டார்கள், அவன் துறைமுகத்து மாவு ஆலைக்கு வேலைக்குப் போனான். அந்தப் பதினோரு பிழைகளையும் நியாயமாகத்தான் எழுதினார் எல்வுட். இதைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.

இப்போது உண்மையை எழுதிவிட்டார். ஒரே பக்கம். அலுவலகத்து ஆள் படித்துவிட்டுக் கத்தினான். “ஐயா, வழியனுப்புற புஸ்தகம் இது! இந்த நேரத்துல எதுக்குய்யா சாமி சிலையை உடைக்கறீங்க?” எல்வுட் மசியவில்லை. இந்தப் பக்கம் இல்லாவிட்டால் மற்ற முப்பத்தொன்பதும் இல்லை என்றார். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் மறைப்பானேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் காஸிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மனுஷன் கண் கலங்குவான், கையைப் பிடித்துக்கொள்வான், இரண்டு பேரும் ஒரு பீர் குடிக்கலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனார்.

கதவைத் திறந்தவர் காஸ்தான். தலை முழுக்க நரை. “அடேயப்பா, பத்திரிகைக்காரர்! நீங்க வந்தா பழைய ஆட்டக்காரங்கள்ல யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். யாரு? டெல்மர் போயே அஞ்சு வருஷமாச்சே?”

“யாரும் சாகல காஸ்.”

“அப்ப உள்ள வாங்க. ஏ இரேனா! நம்மளை அடக்கம் பண்ண ஆள் வந்திருக்கு, காபி போடு.”

“வந்தவங்ககிட்ட பேசுற பேச்சைப் பாரு,” என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. தொத்திறைச்சியும் முட்டைக்கோசும் வேகிற வாசனை. ஜன்னல் வழியே மைதானத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. எல்வுட் உட்கார்ந்தார். வரும் வழியில் தயார்செய்த பேச்செல்லாம் மறந்துபோய், காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

காஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சின்னப் பக்கம்தான், ஆனால் வெகுநேரம் படித்தார். இரேனா காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள்.

“கல்லா?” என்றார் காஸ்.

“கல்தான். பட்டாணி அளவுதான் இருக்கும். உனக்கு நாலடி முன்னால.”

“நீங்க பார்த்தீங்க?”

“பார்த்தேன்.”

“அன்னைக்கே பார்த்தீங்க.”

“அன்னைக்கே.”

காஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பந்து துள்ளுச்சுன்னு எனக்கும் தோணுச்சு,” என்றார் மெதுவாக. “என்னமோ பட்டுத் துள்ளுச்சேன்னு திரும்பிப் பலகையைப் பார்த்தேன். விளக்கு எரிஞ்சுது. சரி, துள்ளல, நான்தான் விட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்க மேல இருந்து பாக்கறவரு. உங்களுக்குத் தெரியாததா? என் கண்ணை விட உங்க விளக்கை நம்பினேன் மிஸ்டர் ப்ரக்மன்.”

“காஸ்...”

“ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் டெல்மரைத் தோள்ல தூக்கிட்டுப் போனாங்க. நான் அங்கேயே நின்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன், கை எங்க தப்புச்சுன்னு. தரையைப் பாக்கத் தோணல பாருங்க. கையைத்தான் பார்த்தேன். சாயங்காலமா நீங்க படியிறங்கி வந்து, ‘டேய், அது கல்லுடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். பலகையில என்ன வேணா எழுதிக்கங்க. டெல்மருக்கே குடுங்க. என் காதுல மட்டும் சொல்லியிருந்தா நான் ஆடியிருப்பேன்.”

இத்தனை வருடத்தில் எல்வுட் புத்தகத்தைத் திருத்துவதைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். ஒரு தெரு தாண்டி வந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. “என்னை மன்னிச்சிடு காஸ்,” என்றார்.

காஸுக்குக் கோபம்கூட வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்! “போடுங்க, புஸ்தகத்துல போடுங்க. வேற என்ன பண்ண முடியும்,” என்று எழுந்து பின்கட்டுக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எல்வுட் காகிதத்தை எடுத்துக்கொண்டார். காபி அப்படியே இருந்தது. இரேனா வாசல் வரை கூடவே வந்தாள். அவள் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“கைன்னு சொன்னார் பாருங்க, கேட்டீங்களா?” என்றாள். “எங்களுக்கு மூணு பிள்ளைங்க. ஒண்ணையும் அவர் நின்னுக்கிட்டுத் தூக்கினதே இல்ல. உக்காருவார், சுத்தித் தலையணை வைக்கச் சொல்லுவார், நான் மடியில போடணும். இது நம்பக்கூடாத கைன்னுவார். ஆம்பளைச் சோம்பேறித்தனம்னு நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்.”

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார் எல்வுட்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசிப் பையன் டாமெக். ஆறு வயசுல மூளைக் காய்ச்சல்ல போயிட்டான். பெட்டி இம்புட்டுதான்.” கைகளை விரித்துக் காட்டினாள். “கோயில்லேருந்து எடுக்கறப்ப பாதிரியார் இவரைத்தான் பார்த்தார். அப்பன் முன்னால வரணும்ல? இவர் கோட்டுப் பைக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு நின்னார். கீழ போட்டுருவேன் இரேனான்னார். எங்க அண்ணன்மாரும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தான் தூக்கினாங்க. பெத்த பிள்ளையைத் தூக்காத அப்பன்னு தெருவே பேசுச்சு. நானும் ரெண்டு வருஷம் அவர்கிட்ட சரியா பேசல.”

படியில் ஒரு காலை வைத்த எல்வுட் திரும்பி அவளைப் பார்த்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா,” என்றாள் இரேனா, “எம் பையனை அவர் தூக்கியிருப்பார்.”

சொல்லிவிட்டுக் கணவர் நின்றுகொண்டிருந்த தோட்டத்தை நோக்கி உள்ளே போனாள்.