அழகருக்கு நேர்ந்த சினிமாக் குடுமி

இல்லண்ணே, அம்புட்டு லேசு இல்ல. இந்தக் குடுமிய வெட்டவும் முடியாது, வெட்டாம இருக்கவும் முடியாது. நாளைக்குக் காலைல அழகர்கோயிலுக்கு வேன் வருது, அதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வரணும். மொதல்லருந்து சொல்றேன், அப்பத்தான் நீங்களும் வெவரமா சொல்வீக.

நாகமலை அடிவாரத்துல ஒரு காமெடிப் படம் எடுத்தாகள்ல? பெல்பாட்டம் போட்ட ஹீரோ ரைஸ்மில் மிஷினுக்குள்ள தவறி விழுந்து, வெள்ளக்காரன் காலத்துல போயி எந்திரிப்பாரு. எந்திரிச்சுப் பாத்தா ஊரே குடுமியும் கடுக்கனுமா நிக்கும். அதுல நானும் ஒருத்தன். கூட்டத்துல எங்கயோ மூலைல இல்லண்ணே, ஹீரோவுக்குப் பக்கத்துல! வசனமே இருக்கு. அவரு பேண்ட்டப் பாத்து, "ஏய்யா, முழங்காலுக்குக் கீழ எதுக்கு ரெண்டு பாவாடை கட்டியிருக்க?"ன்னு கேக்கணும். கேட்டேன். லைட்டு பிடிக்கிறவரே சிரிச்சுட்டாரு.

துணிமணியெல்லாம் பாதுஷா பாய் பொறுப்பு, தையக்கடை வச்சிருக்காரே அவருதான். புதுத்துணில கோட்டுத் தச்சு, டீத்தண்ணில முக்கி, வெயில்ல போட்டு, கருங்கல்லுல தேச்சு அதுக்கு அம்பது வயசாக்கிட்டாரு மனுசன். கழுத்துல இருந்து தொடை வரைக்கும் பொத்தான். மாட்டுனா கையத் தூக்க முடியாது, மூச்சு விட்டா டீ வாசம்.

டோப்பா தூரத்துல நிக்கிறவனுக்குத்தான் சரிப்படுமாம், கிட்டத்துல கேமரா வந்தா நெத்தில ஓரம் தெரிஞ்சிருமாம். பாய் என் ஹிப்பி முடியத் தூக்கிப் பாத்தாரு. "மாஷா அல்லா! காசிமாயா, பின்னாடி இம்புட்டு வளத்திருக்கியே, என் வேலை மிச்சம்டா"ன்னாரு. அம்புட்டுத்தான். பின்னாடி முடிய முடிஞ்சு, முன்னாடி பாதி மண்டைய வழிச்சாச்சு.

பாதி சீன் எடுத்தாக, ஹீரோ மெட்ராஸ் போயிட்டாரு. மிச்சம் பங்குனிலதான். அசிஸ்டெண்ட் டைரக்டர் கெளம்பயில, "குடுமில கை வச்ச, ஒன்னயத் தூக்கிட்டு வேற ஆளப் போட்டு அம்புட்டையும் திருப்பி எடுத்துருவோம்"னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டாரு.

இந்த நேரத்துல அன்னக்கொடி வீட்டுலருந்து என்னய மாப்பிள்ளை பாக்க வாராகன்னு சேதி. வண்டியூர் தெப்பத் திருவிழா அன்னைக்கு அவளப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆனா அவ அப்பா பேயாண்டி மாமா இருக்காரே, சினிமாக்காரன்னாலே காறித் துப்புவாரு. தியேட்டர் இருக்குற தெருவுலகூட நடக்க மாட்டாரு.

எங்க அப்பா, "மொட்டையப் போடு, அழகருக்கு வேண்டுதல்னு சொல்லிருவோம்"னாரு.

எங்க அம்மா, சோலையம்மா, சும்மா விடுமா? "சாமி பேருல பொய்யா? நாக்கு அழுகிரும்!"

"அப்ப என்னத்தடி சொல்றது?"

"நெசமாவே வேண்டிக்கிட்டா அது பொய்யாகாதுல்ல?"

அன்னைக்கே மஞ்சத்துணில காசு முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வச்சு, "இந்தச் சம்பந்தம் கூடி வந்தா எம்மகன் முடிய ஒனக்கே எறக்குறேன் அழகரே"ன்னு வேண்டிக்கிருச்சு. சித்திரைத் திருவிழால எறக்கிக்கலாம், பங்குனிலயே சூட்டிங் முடிஞ்சிரும்னு நானும் உள்ளுக்குள்ள குளுந்து போயிட்டேன்.

இன்னைக்கு மத்தியானம் வந்தாக. துண்டச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பேயாண்டி மாமா உத்துப் பாத்துட்டு, "வீட்டுக்குள்ள என்ன மாப்ள தலப்பா?"ன்னாரு. அவுத்தேன்.

மாமா எந்திரிச்சு வந்தாரு. அடி விழப்போகுதுன்னு கண்ண மூடிட்டேன். குடுமியத் தொட்டுப் பாக்குறாருண்ணே! "எங்க அய்யா இப்பிடித்தான் முடிஞ்சிருப்பாக"ன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. "நேத்திக்கடனா மாப்ள?"

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அம்மா, "ஆமாண்ணே, இந்தச் சம்பந்தம் கூடணும்னு அழகருக்கு நேந்தது"ன்னுருச்சு.

"அப்ப கூடிருச்சு தங்கச்சி! சாமிக்குக் கடன வச்சுக்கிட்டுத் தாலி கட்டக் கூடாது. சித்திரை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போயி எறக்கிருவோம், வேனுக்கு நான் சொல்லிர்றேன்."

அப்பா தலைய ஆட்டுறாரு. அம்மாவும் ஆட்டுது, அது சாமிட்ட வாய விட்டுருச்சுல்ல. நான் பிடிச்சு வச்ச பிள்ளையாரா உக்காந்திருக்கேன்.

இதுக்கு மேல ஒண்ணு கேளுங்க. கெளம்பயில அன்னக்கொடியோட அத்தை செருப்பு மாட்டுற மாதிரி குனிஞ்சு, "ஏப்பா, நானும் அவளும் நாகமலைக்கு சூட்டிங் பாக்க வந்தோம்ல. ஒன்னயப் பாத்ததுல இருந்து ஒரே சிரிப்பு அவளுக்கு. படம் எப்ப வருதுன்னு கேட்டுட்டு வரச் சொன்னா. எங்கண்ணன்ட்ட மூச்சு விட்டுறாத, என்னய வெட்டிப்போடுவாக!"ன்னு சொல்லிட்டுப் போகுது.

இப்பச் சொல்லுங்க. எறக்குனா, அவ ஆசையாப் போற படத்துல வேற எவனோ நிப்பான். சினிமான்னு சொல்லி மாமா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, சம்பந்தமும் இல்ல வேண்டுதலும் இல்ல, குடுமி நிக்கும், அவ நிக்க மாட்டா. ஓடிருவேன்னு அப்பா வாசல அடைச்சுக் கட்டிலப் போட்டு உக்காந்திருக்காரு. வெத்தலை வாங்கக்கூட விடல, ஒங்களத்தான் உள்ள விட்டிருக்காரு.

ஆனா அவுக அய்யாவ நெனச்சுக் கண்ணு கலங்குன மனுசன்ட்ட, வேன் ஏறுறதுக்கு முன்னாடி நாமளே உள்ளதச் சொல்லிட்டா என்னன்னு ஒரு ரோசனை ஓடுதுண்ணே. "மாமா, ஒங்கய்யா மாதிரி ஒரு ஆளு படத்துல வாராரு, பங்குனி வரைக்கும் பொறுங்க"ன்னு கேட்டா பொறுப்பாரா, இல்ல அங்கனயே துப்பிட்டுப் போயிருவாரா? நீங்க என்ன நெனைக்கிறீக, சொல்லிரவா?