பந்தின் மேல் கறுப்புப் புள்ளிகள்

செந்தூர்பாண்டி எழுதிய நிரல் கோப்பை முத்துராணி மூன்றாவது தடவையாக வரி வரியாகப் படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அவன் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட்டே படம் வரையும் கணினி நிரலை எழுத வேண்டும், அதுதான் போட்டி. ஜெயிக்கிற குழுவுக்குச் சென்னையில் வேலை. கதிர் பந்தின் மேல் படும் இடத்தைக் கண்டுபிடிப்பது முத்துராணி, நிழல் செந்தூர்பாண்டி, நிறம் மேலப்பாளையத்து மர்வா. ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் தொடக்கூடாது என்று முதல் நாளே சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். நல்ல சத்தியம் போங்கள்! வந்த படத்தில் வெள்ளைப் பந்தின் மேல் எறும்பு மொய்த்ததுபோலக் கறுப்புப் புள்ளிகள். கறுப்பு என்றால் நிழல், நிழல் என்றால் செந்தூர்பாண்டி. “ஏலே, எங்க பொழப்பைக் கெடுக்கதுக்குன்னே வந்தியா?” என்று கல்லூரி ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் கேட்டது முத்துராணிதான். அவன் அப்போதே ஊருக்குக் கிளம்பினான். சேரன்மகாதேவிப் பக்கம் அவன் பைக் லாரியில் மோதியது.

அதற்கப்புறம் அவன் கோப்பைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. நாளைக்குக் கடைசி நாள் என்றதும்தான் மர்வா திறக்கச் சொன்னாள்.

முத்துராணி இப்போது தன் கோப்பைத் திறந்தாள். வேகமாக ஓடட்டும் என்று தசம எண்களின் கடைசி இலக்கங்களை அவள் வெட்டியிருந்தாள். அதனால் கதிர் பட்ட புள்ளி மயிரிழை அளவு பந்துக்குள் புதைந்திருந்தது. உள்ளே கிடக்கிற புள்ளிக்கு வெளிச்சம் எப்படி வரும்? வெட்டச் சொன்ன ஒரே ஒரு சொல்லை மாற்றி ஓட்டினாள். பந்து பளிச்சென்று வந்தது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ்! எப்புடிட்டீ சரியாச்சு?” என்றாள் மர்வா.

முத்துராணி வாயைத் திறப்பதற்குள் செந்தூர்பாண்டியின் அப்பா உள்ளே வந்தார். மகனுடைய பெட்டியை விடுதியிலிருந்து எடுத்துப்போக வந்தவர். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார்.

“அன்னைக்குக் கெளம்பும்போது போன் போட்டாம்மா. ‘தப்பாப் போட்டுட்டேம்ப்பா, என்னாலதான் ரெண்டு புள்ளையளுக்கும் வேலை போச்சு’ன்னு அழுதான். அவன் மேல வருத்தம் வச்சுக்கிடாதீங்க தாயி. இப்பம் சரியாயிட்டா?”

“ஆயிட்டுப்பா” என்றாள் முத்துராணி.

மர்வா அவள் முகத்தையே பார்த்தாள்.

“இதுல அவன் செஞ்சது எதும்மா?”

முத்துராணி பந்துக்குக் கீழே விழுந்திருந்த நிழலைக் காட்டினாள். “அப்பா...” என்றாள்.

அவர் குனிந்து, திரையிலிருந்த அந்த இருட்டை விரலால் பையத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.