ஸ்வெட்டர் போட்ட மருந்து

எனக்குக் காவல் நிற்கும் ஆறு பேரும் போன பங்குனியிலிருந்து என் விரல்களைத் திருடர்கள் என்று நினைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் பிறந்த அன்றைக்கே காவலர்கள் வந்துவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் நோய்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது அவர்கள் வேலை. என்னுடையவர்களுக்கு ஆளைத் தெரிந்தது, விரலைத் தெரியவில்லை.

விடிந்ததும் ஒருவர் விசில் ஊதுவார். மற்றவர்கள் ஓடிவந்து மூட்டு மூட்டாகத் தட்டுவார்கள். வேலியே பயிரை மேய்கிறது என்று எதிர்வீட்டில் வருத்தப்பட்டார்கள். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அடித்து முடித்ததும் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"உங்களுக்காகத்தாம்மா நிக்கோம். இந்த வெரலு ஆருன்னுதான் வெளங்கல" என்றார் மூத்தவர் குருசாமி.

பாளையங்கோட்டையில் நான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். வீங்கிய விரலில் நூல் நிற்கவில்லை. புருவம் எடுக்க வந்தவர்களை வேறு கடைக்கு அனுப்பினேன். அதுகூடப் பரவாயில்லை. தங்கை பியூலாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தது. அவள் காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து அவள் புருவத்தை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை.

"நீ எடுக்கலன்னா காட்டுப் புருவத்தோடயே கோயில்ல போய் நிப்பேன்க்கா" என்றாள்.

சொன்னால் செய்கிறவள். எனக்குத் தூக்கம் போயிற்று.

டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசி ஐஸ் பெட்டியில் வந்தது. ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நர்ஸ் தங்கபுஷ்பம் வந்து அதை வெளியே எடுத்து, குளிர் தணியும்வரை காத்திருந்து, என் வயிற்றுச் சதையைப் பிடித்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் நின்றாள். அதுதான் மருந்து. கத்தரி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து வந்தவளை என்ன சொல்ல முடியும்?

அவள் காவலர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கையை நீட்டினாள்.

"விசிலக் குடுங்க."

மற்றவர்கள் உடனே கழற்றிக் கொடுத்தார்கள். குருசாமி மட்டும் இழுத்தடித்தார். கடைசியில் அவரும் கொடுத்தார். விசில் இல்லாமல் ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லை. தனியாளாய் நின்று ஒரு சுண்டுவிரலை அடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் மாடிப்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் விழித்தபோது கை மூடித் திறந்தது. நம்பாமல் இன்னொரு தரம் மூடினேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு பியூலாவை உட்காரவைத்தேன்.

"ஏக்கா, வலிக்கி" என்று கத்தினாள்.

அவளுக்குத்தான் வலித்தது, எனக்கு இல்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. நூலை மட்டும் விடவில்லை.

இரண்டாவது புருவம் முடிகிற நேரம், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஜலதோஷம் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது. குருசாமி எழுந்தார், விசில் தொங்கிய கழுத்தைத் தடவிப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்து காலை ஒதுக்கி வழிவிட்டார்.

"கல்யாண வீடு இதுதான?" என்று கேட்டது.

"ஆமா, உள்ள வாங்க" என்றேன்.

நாலு நாள் இருப்பதாகச் சொன்னது. பெண் வீட்டார் பக்கம் எங்களுக்கு ஆள் குறைவு. மறுநாள் கோயிலில் முன்பெஞ்சில் என் பக்கத்திலேயே உட்காரச் சொன்னேன்.