நாலு போத்தலும் ஒரு ஜும்ஆவும்

மூக்குக்கு மருந்து இருக்கிறது என்று புத்தளத்து டொக்டர் சொன்னபோது நிஸ்மியா நம்பவில்லை. மருந்தென்றால் குளிசை, பாணி, ஊசி. இவரோ ஒரு துண்டுக் கடதாசியில் நாலு எண்ணெய்களின் பெயரை எழுதி, "காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மோந்து பாருங்க. மூக்கு நரம்பு தூங்குது, தட்டித் தட்டித்தான் எழுப்பணும்" என்றார். எழுப்பினால் எழும்புமா என்று கேட்டாள். "சிலருக்கு எழும்பும்" என்றார். அதென்ன பதில்!

எட்டு மாதமாக அவளுக்கு ஒரு மணமும் இல்லை. ஒரு காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது மூக்கையும் கொண்டு போய்விட்டது. கறி அடிப்பிடிப்பது புகையைக் கண்ட பிறகுதான் தெரிந்தது. அதையெல்லாம் எப்படியோ சமாளித்தாள். கணவன் றிஸ்வியிடம் மட்டும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

றிஸ்விக்கு எத்தாளைக் கரையில் கருவாடு போடுகிற வாடி. கட்டா மீனும் சாளை மீனும் உப்பில் ஊறி வெயிலில் காய்கிற இடத்தில் விடிந்ததிலிருந்து நிற்கிறவன்மேல் மல்லிகையா மணக்கும்? கலியாணம் முடித்த பதினாலு வருஷமும் அவன் படலையைத் திறந்ததும் நிஸ்மியா சொன்ன முதல் வார்த்தை, "போய்க் குளிங்க." அவனும் நேரே கிணற்றடிக்குப் போய்விடுவான். சவர்க்காரம் தேய்த்து, தேய்த்ததையே இன்னொரு முறை தேய்த்து, உள்ளே வருவதற்குள் சொல்ல நினைத்த கதையெல்லாம் தண்ணீரோடு போயிருக்கும். சாப்பிடுவான், படுப்பான்.

காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் அவள் அதைச் சொல்ல மறந்துவிட்டாள். றிஸ்வி முற்றத்தில் தயங்கி நின்றான்.

"என்ன புள்ள, இண்டைக்கு நாறல்லயா?"

"இல்லயே" என்றாள். பொய்யில்லை.

அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! கதிரையைக் குசினிக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன், தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாகும் வரைக்கும் கதைத்தான். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தன் மணம் இவளுக்குப் பழகிவிட்டது, தன்னை ஒருவழியாக ஏற்றுக்கொண்டாள் என்று அந்த மனிதன் நினைத்துக்கொண்டான். பதினாலு வருஷத்தில் கேட்காத கதைகளை எட்டு மாதத்தில் கேட்டவளுக்கு அதைக் கெடுக்க எப்படி மனம் வரும்? ஆனால் மூக்கும் வேண்டுமே.

எண்ணெய்களைக் கொண்டு வந்தவள் ஷானிகா. பள்ளிக்கூடத்தில் நிஸ்மியாவோடு ஒரே வாங்கில் இருந்தவள். இப்போது ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலை. தேசிக்காய், கராம்பு, யூக்கலிப்டஸ், கறுவாப்பட்டை என்று நாலு சின்ன மண்ணிறப் போத்தல்களை மேசையில் அடுக்கினாள். டொக்டர் எழுதிய றோசா கிடைக்கவில்லை, அதற்குப் பதில்தான் கறுவா.

"இது சமையல் எண்ணெய் இல்ல, விளங்குதா? குடிக்கக் கூடாது. தோலில நேரே பூசவும் கூடாது. பூசத்தான் வேணுமெண்டா ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில ஒரு துளி. கறுவாவ அப்பிடியும் தொடாத, அது பொல்லாதது. மூடிய இறுக்கி இருட்டில வை."

"இவ்வளவு சின்னப் போத்தலுக்கு இவ்வளவு சட்டமா?"

"ஒரு போத்தலுக்குள்ள ஒரு சாக்கு இலை இருக்குதடி."

ஒரு சாக்கு இலை எப்படி இதற்குள் போனது? நிஸ்மியாவுக்கு அதுவே பெரிய யோசனையாகிவிட்டது. றிஸ்வி வாடிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினாள். கடதாசியில் தேங்காயெண்ணெய் ஒரு துளி, தேசிக்காய் எண்ணெய் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். தேங்காயெண்ணெய் கறையாக அப்படியே கிடந்தது. மற்றதோ, உலை கொதிக்கும் முன்னே போன இடம் தெரியவில்லை. அட, எங்கே போனது? காற்றில்தானே போயிருக்கும், இந்த வீட்டுக்குள்தானே நிற்கும்! மூக்கை உயர்த்தி வீடெல்லாம் நடந்தாள். ஒன்றுமில்லை. வாசலில் படுத்திருந்த பூனை மட்டும் முகத்தைச் சுளித்து எழும்பிப் போனது. பூனைக்கு இருக்கிற பாக்கியம் தனக்கில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

ஆனாலும் விடவில்லை. யூக்கலிப்டஸை மோந்தால் மணம் வராது, மூக்குக்குள் குளிர் மட்டும் ஓடும். கராம்பு மெல்லக் குத்தும். தேசிக்காய் சுத்தமாக ஒன்றுமில்லை. குளிர் தெரிகிறது, குத்துவது தெரிகிறது, மணம் மட்டும் ஏன் தெரியவில்லை? ஒவ்வொன்றுக்கும் இருபது எண்ணி, தேசிக்காயின் மணத்தை மனதில் நினைத்துக்கொண்டே மோந்தாள். மூன்று வாரம் இப்படிப் போனது. போத்தல்களை மா டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

ஒளித்து வைத்ததுதான் வினையாகப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ரொட்டிக்கு மா எடுக்கப் போனவளை முந்திக்கொண்டு றிஸ்வி டின்னைத் தூக்கிக் கொடுத்தான். பின்னால் நாலு போத்தல். பார்த்தான். மணக்கிற எண்ணெயை ஒருத்தி புருஷனுக்குத் தெரியாமல் வாங்கி வைப்பது என்னத்துக்கு? அவனாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இருந்ததில் காட்டமான போத்தலை மடியில் சொருகிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போனான்.

பள்ளியில் நடந்ததைப் பிறகு பக்கத்து வளவு உசனார் சொல்லித்தான் நிஸ்மியா கேள்விப்பட்டாள். வெள்ளிக்கிழமை அத்தர் பூசிக்கொண்டு பள்ளிக்குப் போவதும், கொண்டு வந்தவன் பக்கத்தில் இருக்கிறவனின் புறங்கையிலும் கொஞ்சம் தடவிவிடுவதும் ஊர் வழக்கம். றிஸ்வியும் அப்படியே செய்தான். தன் கழுத்தின் இரண்டு பக்கமும் தாராளமாகப் பூசிக்கொண்டான். வலப்பக்கம் உசனாருக்கும் இடப்பக்கம் கடைக்கார ஃபஸ்லானுக்கும் கையில் ஆளுக்கொரு இழுப்பு. போத்தல் கறுவா.

ஹஸ்ரத் மிம்பர் மேடையில் ஏறிக் குத்பாப் பிரசங்கத்தைத் தொடங்கினார். குத்பா நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவனிடம் "சும்மா இரு" என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்த நேரம் பார்த்து எரியத் தொடங்கியது. உசனார் கையை உதறினார். ஃபஸ்லான் ஊதினான். றிஸ்வி கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய இருந்தான். அன்றைக்குக் குத்பா மறுமையைப் பற்றி. இவன் அழுவதைப் பார்த்த பின்வரிசைக்காரர்கள், என்ன ஈமான், என்ன இறைநம்பிக்கை என்று உருகிப்போனார்களாம்.

தொழுகை முடிந்ததும் உசனார் வாய் திறந்தார். "மச்சான், எந்த நரகத்துல காய்ச்சின அத்தர்ரா இது?"

மூன்று பேரும் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். எண்ணெய் தண்ணீருக்குப் போகுமா? றிஸ்வி வீட்டுக்கு வரும்போது கழுத்து செக்கச் சிவந்திருந்தது. அவன் கையில் இருந்த போத்தலைக் கண்டதும் நிஸ்மியாவுக்கு உயிரே இல்லை.

"யா அல்லாஹ்! இத என்னத்துக்குப் பூசின?" பதற்றத்தில் மரியாதையும் மறந்துபோனது. ஷானிகாவுக்கு ஃபோன் கோல் எடுத்தாள். அவள் சொன்னபடியே தேங்காயெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, உசனாருக்கும் ஃபஸ்லானுக்கும் அதையே சொல்லி அனுப்பினாள்.

எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் றிஸ்வி கேட்டான். "என்ட நாத்தத்துக்குத்தானே புள்ள இத வாங்கின? வாயால சொல்லியிரிக்கலாமே. நான் பழையபடி கிணத்தடிக்குப் போயிரிப்பனே."

இனி மறைத்து என்ன பயன்?

"மச்சான், எனக்கு எட்டு மாசமா ஒரு மணமும் தெரியா. காய்ச்சலோட போயிட்டு. நீங்க வந்து கிட்ட இருந்து கதைச்சீங்க, எனக்கு அது வேணுமா இரிந்திச்சு. அதான் சொல்லல்ல."

றிஸ்வி எண்ணெய்த் துணியை மடித்து வைத்தான். "அப்ப என்ட மணம் உனக்குப் பழகல்ல" என்று மட்டும் சொன்னான். அடுத்த நாளிலிருந்து, யாரும் சொல்லாமலே, கிணற்றடிக்குப் போய் இரண்டு தரம் சவர்க்காரம் தேய்த்துத்தான் உள்ளே வந்தான். கதிரை குசினிக்கு வராமல் மேசையடியிலேயே கிடந்தது. கறுவா எரித்ததைவிட இது அவளை அதிகம் எரித்தது.

ஒரு கிழமை போயிருக்கும். காலையில் மோந்து பார்க்கப் போனவள் ஐந்து போத்தலைக் கண்டாள். ஐந்தாவது ஒரு பழைய ஜாம் போத்தல். உள்ளே ஒரு துண்டு கட்டாக் கருவாடு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டரில் றிஸ்வியின் கோணல் எழுத்தில் 'நான்' என்றிருந்தது.

"தெரியாத மணத்தத் தேடிப் புடிக்கிறத விட, நீ பதினாலு வருஷம் ஏசின மணம் லேசா வரும்தானே" என்றான், முகத்தைப் பார்க்காமல். "வந்தா நீ பழையபடி ஏசுவா. பரவாயில்ல."

அவள் தேசிக்காயையும் கராம்பையும் ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் திறந்தாள். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. ஒரு மாதமாக, தினமும் இரண்டு தரம், இருபது இருபதாக எண்ணி அந்த மனிதனை மோந்து பார்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் முற்றத்தில் தென்னம்பாளை பொறுக்கிக்கொண்டிருந்தாள். படலை கிரீச்சிட்டது. றிஸ்வி கிணற்றடிப் பக்கம் திரும்பினான். கடற்காற்று அவனைத் தாண்டி இவள் பக்கம் வந்தது. நிஸ்மியா நிமிர்ந்தாள். ஏதோ ஒன்று, மெல்லிசாக, உப்பாக, வெயிலாக. பாளைகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து முகத்தை வைத்தாள்.

"என்ன, என்ன புள்ள?"

"போய்க் குளிங்க!"

"என்ன சொன்ன?"

"நாறுது மச்சான்! போய்க் குளிங்க, போய்க் குளிங்க!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

றிஸ்விக்குக் கண் கலங்கிவிட்டது. "போறன் புள்ள, இந்தா போறன்" என்று ஒரு அடி எடுத்து வைத்தான். எங்கே போவது? குளிக்கச் சொன்னவள் சட்டையை விடவில்லை.